ஒரே கம்ப்யூட்டர், மூன்று பைத்தான்: எதையும் அழிக்காமல் சரிசெய்வது எப்படி?

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கமோ சின்ன காஞ்சிபுரம் பக்கமோ, தறி ஓடும் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். பதினொன்றாம் வகுப்புத் தம்பி அதில் சி பிளஸ் பிளஸ் எழுதிப் பார்ப்பான். பன்னிரண்டாம் வகுப்பு அக்காவுக்குப் பைத்தான். கல்லூரிக்குப் போகும் அண்ணனுக்கு ஜாவா. பிள்ளைகள் எழுந்த பிறகு அப்பா அதே திரையில் முந்தானை டிசைனின் கிராஃபைத் திறப்பார். ஆளாளுக்கு வேண்டியதை அவரவர் இன்ஸ்டால் செய்துகொள்வார்கள். திடீரென்று ஒருநாள், "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓட மாட்டேங்குது" என்ற புகார் வரும்.

அப்போது பலரும் செய்வது, இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவது. இன்னும் பொறுமை போனால் கடையில் கொடுத்து ஃபார்மேட். இரண்டையும் செய்யாதீர்கள். அப்பா நாட்கணக்கில் கட்டம் கட்டமாக வரைந்த டிசைன் அதில் இருக்கிறது. அந்த மென்பொருளின் இன்ஸ்டால் சிடி வீட்டில் இருக்கிறதா, அதற்கு உரிமம் தந்தவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்றெல்லாம் உங்களுக்குத் தெரியாது. ஒரு மெஷினில் நாலு பதிப்புகள் இருப்பது கோளாறே கிடையாது. 'பைத்தான்' என்று கூப்பிட்டால் அந்த நாலில் எது 'ஏன்' என்று கேட்கிறது என்பது நமக்குத் தெரியாமல் இருப்பதில்தான் சிக்கல். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இத்தனை பதிப்புகள் சேர்வதற்குக் காரணம் பிள்ளைகளின் கவனக்குறைவு இல்லை. தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் 2018இல் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு சி பிளஸ் பிளஸும், 2019இல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானும் வந்தன. அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த பழைய மெஷின்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. விண்டோஸ் 7 உள்ளவையும் அவற்றில் உண்டு. அதில் பைத்தான் 3.9ஓ அதற்கு மேலோ ஏறவே ஏறாது, 3.8தான் எல்லை. பழைய உதவி நிரல் ஒன்று 2.7ஐ எப்போதோ கூடவே கொண்டுவந்து வைத்திருக்கும். 2.7க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த நிரலுக்கு அது இன்னமும் வேண்டும்.

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதல் வேலை: நோட்டில் எழுதுங்கள்

மெஷினைத் தொடும் முன், வீட்டில் யார் எந்த நிரலைத் திறக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிசைன் மென்பொருள், பில் போடுவது, டெவ் சி பிளஸ் பிளஸ், ஐடில், எக்லிப்ஸ் என்று எதையும் விடாமல். கடைசியில் இதே தாளை வைத்துத்தான் எல்லாம் ஓடுகிறதா என்று சரிபார்க்கப் போகிறோம்.

அடுத்து, 'பாத்' என்னும் பட்டியலை நகலெடுத்து வையுங்கள். நீங்கள் ஒரு நிரலின் பெயரை மட்டும் தட்டினால், விண்டோஸ் எந்தெந்த ஃபோல்டர்களில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைச் சொல்வது இந்தப் பட்டியல்தான். ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' என்று தேடித் திறங்கள். மேலே ஒரு பாத் இருக்கும், அது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும். கீழே ஒன்று இருக்கும், அது மெஷின் முழுவதற்கும். இரண்டையும் நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒவ்வொரு ஃபோல்டரும் தனித்தனி வரியாகத் தெரியும். விண்டோஸ் 7இல் எல்லாம் ஒரே நீளமான வரியில், நடுவே அரைப்புள்ளி வைத்து, சின்னஞ்சிறு பெட்டிக்குள் அடைந்து கிடக்கும். அங்கே ஒரு எழுத்து தவறி அழிந்தாலும் வேறு ஏதோ ஒரு நிரல் நின்றுவிடும். ஆகவே அந்தப் பெட்டிக்குள்ளேயே திருத்தாதீர்கள். நோட்பேடில் திருத்திவிட்டு முழுவதையும் திரும்ப ஒட்டுங்கள்.

'செட்-எக்ஸ்' என்ற கட்டளையால் பாத்தை மாற்றச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அது 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். பாத் நீண்டுபோன மெஷினில் பின்பாதி காணாமல் போவதற்கு அது போதும். அந்தக் கட்டளையின் பக்கமே போக வேண்டாம்.

யார் பதில் சொல்வது என்று கேளுங்கள்

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'வேர் பைத்தான்' என்று தட்டுங்கள். பவர்ஷெல்லில் 'வேர்' என்பது வேறொரு கட்டளை. அங்கே 'வேர் டாட் எக்ஸ்-இ' என்று முழுதாகத் தட்ட வேண்டும். இப்படி மூன்று வரிகள் வருவதாக வைத்துக்கொள்வோம்: முதல் வரி சி டிரைவில் 'பைத்தான்27' ஃபோல்டர். இரண்டாவது உங்கள் பயனர் பெயருக்குக் கீழே 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'புரோகிராம்ஸ்' என்று உள்ளே உள்ளே போய் 'பைத்தான்38' ஃபோல்டர். மூன்றாவது 'விண்டோஸ்ஆப்ஸ்' ஃபோல்டர்.

மேலே நிற்பதுதான் பதில் சொல்லும். இந்த மெஷினில் 'பைத்தான்' என்று மட்டும் தட்டினால் வருவது 2.7. பாடப்புத்தகத்தில் உள்ள உள்ளீட்டு நிரலை அதில் ஓட்டினால் பெயரைக் கேட்கும். பெயரைக் கொடுத்ததும் 'நேம் எரர்' என்று விழும். பழைய பதிப்பில் 'இன்புட்' என்பது தட்டியதை எழுத்துச்சரமாக வாங்காமல், அதை ஒரு பைத்தான் கோவையாகவே எடுத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டரைக்குப் பதில் இரண்டு வரும். இது இன்னும் மோசம், ஏனென்றால் பிழைச் செய்தியே வராமல் விடை மட்டும் தவறாக வரும்.

இப்போது 3.8ஐ மேலே ஏற்ற வேண்டும். பலர் இங்கேதான் அலுத்துப்போகிறார்கள். பயனர் பாத்தில் 3.8ஐ முதல் வரிக்கு நகர்த்தியும் 2.7தான் வருகிறது என்பார்கள். விண்டோஸ் முதலில் மெஷின் முழுவதற்குமான பாத்தைப் படித்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகே பயனர் பாத்துக்கு வருகிறது. 2.7 மெஷின் பாத்தில் உட்கார்ந்திருக்கும்வரை பயனர் பாத்தில் எதை எங்கே நகர்த்தினாலும் பலன் இல்லை. ஒன்று, 2.7இன் வரியை மெஷின் பாத்திலிருந்து எடுத்து பயனர் பாத்தின் அடியில் போடுங்கள். அல்லது அந்த வரியை எடுத்தே விடுங்கள். ஃபோல்டர் அப்படியே இருக்கட்டும். அதை முழு முகவரியோடு கூப்பிடும் நிரல்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

மாற்றியதும், ஏற்கெனவே திறந்திருக்கும் கறுப்புத் திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய திரை, தான் திறக்கப்பட்டபோது இருந்த பாத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

'விண்டோஸ்ஆப்ஸ்' வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10இல் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து 'பைத்தான்' என்ற பெயரில் ஒரு குறுக்குவழி கூடவே வருகிறது. உள்ளே நிரல் எதுவும் கிடையாது. வேறு பைத்தான் பாத்தில் இல்லாவிட்டால் அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பக்கத்தைத் திறக்கும், அல்லது 'பைத்தான் கிடைக்கவில்லை' என்று சொல்லும். இன்ஸ்டால் செய்தபோது 'ஆட் பைத்தான் டு பாத்' கட்டத்தில் டிக் போடாதவர்கள் இதைப் பார்த்துத்தான் "இன்ஸ்டாலே ஆகலை" என்று நினைத்து மறுபடி மறுபடி ஏற்றுகிறார்கள். செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிகியூஷன் ஏலியசஸ்' என்று தேடி, அங்கே பைத்தானுக்கு எதிரே உள்ள சுவிட்சுகளை அணைத்துவிட்டால் போதும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

பாத்தைத் தொடவே பயமாக இருந்தால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. விண்டோஸுக்கான பைத்தானோடு 'பி-ஒய்' என்ற இரண்டெழுத்து நிரல் வருகிறது. 'பி-ஒய் மைனஸ் பூஜ்யம் பி' என்று, பூஜ்யத்தை இலக்கமாகப் போட்டு ஒட்டித் தட்டினால், மெஷினில் இருக்கும் பைத்தான்கள், அவை உள்ள இடம் எல்லாம் வரிசையாக வரும். பிறகு 'பி-ஒய் மைனஸ் 3.8' என்று தட்டி, ஒரு இடம் விட்டு உங்கள் ஃபைலின் பெயரைக் கொடுங்கள். பாத் எப்படிக் குழம்பிக் கிடந்தாலும் 3.8தான் வரும். எண் சொல்லாமல் 'பி-ஒய்' மட்டும் தட்டினால் இருப்பதிலேயே புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளும். பலர் பயன்படுத்தும் மெஷினில் எண்ணைச் சொல்லித் தட்டும் பழக்கத்தையே நான் பரிந்துரைப்பேன்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் 3.8.10ஐத் தேடி எடுங்கள். 3.8 வரிசையில் இன்ஸ்டாலரோடு வந்த கடைசி வெளியீடு அது. மெஷினில் சர்வீஸ் பேக் 1 ஏறியிருக்க வேண்டும். ஏற்றிய பிறகு 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் டிஎல்எல் ஃபைல் காணவில்லை என்று செய்தி வந்தால் பைத்தானை மறுபடி ஏற்றாதீர்கள். விண்டோஸின் கேபி 2999226 என்ற புதுப்பிப்புதான் குறைகிறது. அதை மட்டும் ஏற்றுங்கள்.

ஐடிலில் வேலை செய்பவர்களுக்கு: ஷெல் திரையின் முதல் வரியிலேயே பதிப்பு எண் இருக்கும். அதைப் படிக்காமல் நிரலை ஓட்டாதீர்கள். ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து 'எடிட் வித் ஐடில்' என்று போனாலும் எந்தப் பதிப்பில் என்று தேர்ந்தெடுக்க முடியும். இன்னும் சந்தேகமாக இருந்தால் 'இம்போர்ட் சிஸ்' என்று ஒரு வரி, 'பிரிண்ட்' அடைப்புக்குள் 'சிஸ் டாட் எக்ஸிகியூட்டபிள்' என்று ஒரு வரி. எந்த ஃபோல்டரில் உள்ள பைத்தான் ஓடுகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பாடத்தில் வரைபடம் போட மேட்பிளாட்லிப் வேண்டும். அங்கே வரும் புகார் எப்போதும் ஒன்றுதான்: மாட்யூல்களை ஏற்றித்தரும் பிப் வெற்றி என்கிறது, நிரலோ 'நோ மாட்யூல்' என்கிறது. இரண்டும் உண்மையே. பிப் ஒரு பைத்தானுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது, நீங்கள் ஓட்டுவது இன்னொன்றை. பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல் 'பி-ஒய் மைனஸ் 3.8 மைனஸ் எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்' என்று தட்டுங்கள். புதிய மேட்பிளாட்லிப் 3.8இல் ஓடாது என்று கவலைப்பட வேண்டாம், பொருத்தமான பழைய பதிப்பை பிப் தானே தேடி எடுக்கும். இதற்குப் பிறகும் இம்போர்ட் விழுந்தால், உங்கள் நிரலுக்கே 'மேட்பிளாட்லிப் டாட் பி-ஒய்' என்று பெயர் வைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அப்படி வைத்திருந்தால் பைத்தான் உங்கள் ஃபைலைத்தான் முதலில் எடுக்கும்.

பதினான்காம் பாடமும் இரண்டு ஜி பிளஸ் பிளஸும்

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில், பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை ஓட்டும் பாடம் இது. ஒரே மெஷினில் இரண்டு மொழிகளும் சரியாக அமைந்திருந்தால்தான் இது நடக்கும். பிள்ளைகள் அதிகம் தவிப்பதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புத்தகத்து நிரல் செய்வது இதுதான்: நீங்கள் தரும் பெயரோடு 'சிபிபி' சேர்த்து, ஜி பிளஸ் பிளஸ் கம்பைலரைக் கூப்பிட்டு, எக்ஸ்-இ ஃபைலாக்கி, அதை ஓட்டுகிறது. முதல் தடங்கல், எஃப்5 அழுத்தினால் எதுவுமே நடக்காது. பிழைச் செய்திகூட வராது. நிரல் தனக்கு வேண்டிய பெயரைக் கட்டளை வரியிலிருந்து எதிர்பார்க்கிறது. ஐடிலில் அப்படியே ஓட்டினால் அங்கே ஒன்றும் இருக்காது. கமாண்ட் பிராம்ப்டில், பைத்தான் ஃபைல் பெயருக்குப் பின் 'மைனஸ் ஐ' போட்டு, சி பிளஸ் பிளஸ் ஃபைலின் பெயரை 'சிபிபி' இல்லாமல் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஜி பிளஸ் பிளஸ்ஸைத் தெரியவில்லை என்ற செய்தி. "டெவ் சி பிளஸ் பிளஸ் நல்லா ஓடுதே அண்ணா" என்பார்கள். ஓடும். அது தன்னுடைய கம்பைலரைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொண்டு அதை நேராகக் கூப்பிடுகிறது, பாத்தைக் கேட்பதில்லை. கோட் பிளாக்ஸின் கம்பைலரோடு வரும் பதிப்பும் அப்படியே. அந்தக் கம்பைலர் இருக்கும் மின்-ஜி-டபிள்யூவின் 'பின்' ஃபோல்டரைப் பாத்தில் சேர்த்தால்தான் பைத்தானுக்கு அது தெரியும்.

மூன்றாவது தடங்கல் நேரெதிர். 'வேர் ஜி பிளஸ் பிளஸ்' என்று கேட்டால் இரண்டு மூன்று வரிகள் வரும். கம்பைல் ஆகிவிடும், ஆனால் எக்ஸ்-இ ஓடும்போது 'புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்' என்று ஒரு பெட்டி எழும். 'லிப்எஸ்டிடிசி பிளஸ் பிளஸ்-6' என்ற டிஎல்எல் பெயரும் அதில் இருக்கும். ஒரு கம்பைலரில் உருவான எக்ஸ்-இ, பாத்தில் முன்னே நிற்கும் வேறொரு மென்பொருளின் டிஎல்எல்லை எடுத்துக்கொண்டதால் வரும் மோதல் இது. மெஷினில் ஏறிய வேறு ஏதாவது மென்பொருள் அதே பெயரில் அந்த ஃபைலைக் கொண்டுவந்திருக்கலாம். அதைத் தேடி அழித்தால் அந்த மென்பொருள் நின்றுவிடும். அழிக்காமலே தீர்வு உண்டு: நிரலில் ஜி பிளஸ் பிளஸ்ஸைக் கூப்பிடும் வரியில் 'மைனஸ் ஸ்டாட்டிக்' என்று சேர்த்துவிட்டால், வேண்டியதெல்லாம் எக்ஸ்-இக்குள்ளேயே அடங்கிவிடும். வெளி டிஎல்எல்லை அது தேடாது.

நான்காவது என்னை மிகவும் கவலைப்பட வைப்பது. கம்பைல் தோற்றாலும் புத்தகத்து நிரல் நிற்காது, அடுத்த வரிக்குப் போய் எக்ஸ்-இயை ஓட்டும். நேற்றைய எக்ஸ்-இ அங்கேயே கிடந்தால் அது ஓடி நேற்றைய விடையைத் தரும். மாணவி திருத்தியது எதுவும் விடையில் தெரியாது. மேலே ஓடிப்போன பிழை வரிகளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். விடை மாறவில்லை என்றால் முதலில் பழைய எக்ஸ்-இயை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

இந்தப் பாடத்துக்கு சி டிரைவிலேயே இடைவெளி இல்லாத பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். பயனர் பெயரில் இனிஷியலுக்குப் பின் இடைவெளி விட்டிருந்தால், டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைலின் முழு முகவரி நடுவில் உடைந்து இரண்டு ஃபைலாகக் கம்பைலருக்குப் போய்ச் சேரும்.

ஜாவா

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 'ஜாவா மைனஸ் வெர்ஷன்', 'ஜாவாசி மைனஸ் வெர்ஷன்' இரண்டையும் தட்டுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பைல் செய்தது 17, ஓட்டுவது 8 என்றால் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்று விழும். அந்தச் செய்தியில் வரும் 52 என்பது ஜாவா 8, 55 என்பது 11, 61 என்பது 17. ஆரக்கிள் இன்ஸ்டாலர் 'ஜாவாபாத்' என்ற ஃபோல்டரை மெஷின் பாத்தின் முன்னே கொண்டுபோய் வைப்பதால்தான் இந்தக் குழப்பம் அதிகம் வருகிறது. காந்தி ரோடு ஜவுளிக் கடைகளின் கணக்கர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டி.டி.எஸ். விவரம் தயாரிக்கும் ஆர்.பி.யு. ஜாவாவில் எழுதப்பட்டது. கல்லூரிப் பையன் புது ஜாவா ஏற்றும்போது, பழையதை அகற்றலாமா என்று இன்ஸ்டாலர் கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்தச் சொல்லுங்கள்.

இனி குழம்பாமல் இருக்க

பைத்தானில் ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை கட்டித்தர 'வென்வ்' இருக்கிறது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம்: தறி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு டிசைனுக்கும் தனித்தனி ஜக்கார்டு அட்டைக்கட்டு. மயில் பார்டருக்கு உரிய கட்டில் யானையின் அட்டைகளை யாரும் கலப்பதில்லை. உங்கள் ஃபோல்டருக்குள் போய் 'பி-ஒய் மைனஸ் 3.8 மைனஸ் எம் வென்வ்' என்று தட்டி, ஒரு பெயரைக் கொடுங்கள். பிறகு அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்பதில் இருக்கும் 'ஆக்டிவேட்' என்பதை ஓட்டுங்கள். வரியின் தொடக்கத்தில் அந்தப் பெயர் அடைப்புக்குள் தெரிந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். இனி 'பைத்தான்' என்றாலும் 'பிப்' என்றாலும் அந்த அறையில் உள்ளதே வரும். பவர்ஷெல் இதைத் தடுத்தால் சாதாரண கமாண்ட் பிராம்ப்டில் செய்யுங்கள்.

லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் 'விச் மைனஸ் ஏ பைத்தான்3' என்று கேட்கலாம். அங்கே ஒரு எச்சரிக்கை: சிஸ்டத்தோடு வந்த பைத்தானை எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள். சிஸ்டத்தின் பல கருவிகள் அதை நம்பியே ஓடுகின்றன. நீக்கினால் திரையே வராமல் போகலாம். புதிய டெபியன் வகை லினக்ஸ்களில் பிப் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று மறுக்கும். அதைக் கட்டாயப்படுத்தி மீறாமல் வென்வ் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு பதிப்பு நிச்சயமாக வேண்டாம் என்றால், 'புரோகிராம்ஸ்' பட்டியலுக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஃபோல்டரை மட்டும் டெலீட் செய்தால் பாத்தில் அதன் வரியும், ரிஜிஸ்ட்ரியில் அதன் பதிவும் தங்கி, 'பி-ஒய்' நிரல் இப்போது இல்லாத பைத்தானைத் தேடிப்போய் முட்டும்.

எல்லாம் முடிந்ததும் மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, முதலில் எழுதிய தாளை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு நிரலையும் அதைப் பயன்படுத்துகிறவரையே கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். டிசைன் மென்பொருளில் அப்பா ஒரு பழைய கிராஃபைத் திறந்து, ஒரு கட்டம் மாற்றி, வேறு பெயரில் சேமித்துப் பார்க்கட்டும். எது மறுத்தாலும் நோட்பேடில் வைத்த பழைய பாத்தை அப்படியே திரும்ப ஒட்டி, கறுப்புத் திரையைப் புதிதாகத் திறந்து, பாத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றி மீண்டும் சோதியுங்கள்.